'கரை' பாண்டின் வெள்ளைப் போஸ்டர்

ரஃபீக்குக்கு ஆக்லாந்து விசா கிடைத்த செய்தி, 'கரை' என்ற பாட்டு பாண்டின் போஸ்டர் மெஷினில் ஏறப்போன நேரத்தில் வந்தது. ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஆயுதக் கும்பல் பார்லிமெண்டுக்குள் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரையே பிடித்துவைத்திருந்த சமயம். நம்மவர்கள் இடம் கிடைத்த நாட்டுக்கெல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நமாகா டவுனில் நான் டிசைனராக இருந்த அச்சகத்தின் முதலாளி நாயுடு என் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றார்.

"லெட்சுமி, கீபோர்டு ரஃபீக் போறானாம். அவன் மூஞ்சிய எடுத்துட்டு வானத்தப் போட்டுடு."

போட்டேன். பிறகு பாட்டுக்காரி சரோஜா பிரிஸ்பேன் போனாள். அடுத்து பேஸ் கிதார்காரர், அவருக்குப் பின்னால் தபலாக்காரர். மிச்சம் இருந்தது கிதார் முனிசாமியும், ஃபிஜிப் பூர்வகுடியான டிரம்ஸ் ஜோசேஃபாவும்தான். ஆறு பேருக்குப் போட்ட லேஅவுட்டில் இரண்டே முகம். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

பெயர் மட்டும்

"படமே வேணாம் முனிசாமி. பேர் மட்டும் போடலாம்" என்றேன்.

"வெறும் பேரப் போட்டா யாருன்னு எப்படிக்கா தெரியும்?"

"எழுத்தப் பாத்தா தெரியணும். அது என் பொறுப்பு."

வெள்ளைத் தாள், கறுப்பு மை ஒன்றுதான். நடுவுக்குச் சற்றுக் கீழே தமிழில் 'கரை'. அடியில் ஆங்கிலத்தில் பொடியாக. கையில் இருந்த ஃபாண்டில் 'க'வும் 'ரை'யும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஸ்பேஸிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். 'ரை'யின் முன்சுழியை ஃபாண்டிலிருந்து எடுக்காமல் நானே வரைந்து, அலை சுருண்டு வருவது போல வட்டமாக்கினேன். தமிழ் படிக்கத் தெரியாத இளவட்டங்கள்கூட அந்தச் சுழியைப் பார்த்து பாண்டை அடையாளம் சொன்னார்கள். கேசட் அட்டை, சட்டை, டிரம்ஸ் முகப்பு எல்லாவற்றிலும் அதையே போட்டோம்.

ஜோசேஃபா என் கையைப் பிடித்துக் குலுக்கி, அவனுக்குச் சரளமான ஹிந்தியில் சொன்னான்: "வினாகா, தேங்க்ஸ் சிஸ்டர்! இப்பதான் பெரிய பாண்டு மாதிரி இருக்கோம்."

மூடிக்கிடந்து திறந்த ஒரு கடற்கரை ஹோட்டல், அந்தப் போஸ்டரைப் பார்த்தே வாரம் முழுக்க வாசிக்க அவர்களைக் கூப்பிட்டது.

கூட்டத்தில் பேசியது

ஹோட்டல் மேனேஜர் ஆஸ்திரேலியாக்காரர். சுற்றுலாத் தொழில்காரர்களைக் கூட்டி வைத்து, போஸ்டரைக் காட்டி என்னைப் பேச அழைத்தார். "எவ்வளவு சுத்தமான டிசைன்! இத்தனை வெள்ளை இடம் விடணும்னு எப்படித் தோணிச்சு?"

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லத்தான் தயாராகப் போயிருந்தேன். ஓரத்தில் முனிசாமி சவுண்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். கிதாரைச் சாய்த்து வைத்துவிட்டு, ரஃபீக் விட்டுப்போன கீபோர்டை அவரே வாசித்துச் சோதித்தார். எனக்கு முகம் சுட்டது. பிழைக்க ஓடியவர்களின் இடத்துக்கு நான் பாராட்டு வாங்குகிறேனே என்று கூசியது.

"நான் யோசிச்சு விட்ட இடம் இல்ல சார். ஆளுங்க போன இடம். ஆறு பேர் இருந்தாங்க, இப்ப ரெண்டே பேர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

சிலர் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிட்டதில் எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. மேனேஜர் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்: "ரெண்டே பேரா?"

கூட்டம் முடிந்ததும் முனிசாமி வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டே? புது ஆளுங்களத் தேடிக்கினு இருக்கோம். அதுவரைக்கும் அந்தப் போஸ்டர்தான் எங்கள பாண்டுன்னு காட்டிச்சு. ஒன் மனசு ஆறணும்னு எங்க கூரையப் பிரிச்சிட்டியே."

வாரம் முழுக்க வாசிக்க இருந்தவர்களுக்கு ஹோட்டல் ஞாயிறு மதியம் மட்டும் கொடுத்தது. ஜோசேஃபா ஏர்போர்ட்டில் பெட்டி தூக்கப் போனான். மன்னிப்புக் கேட்க முனிசாமி வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போஸ்டர் நம் கையைவிட்டுப் போனபின் அது பாண்டில் வாசிக்கிறவர்களின் சோறு. அதில் இருக்கும் வெற்றிடத்துக்கு அர்த்தம் சொல்ல நமக்கு உரிமை இல்லை, அது உண்மையாகவே இருந்தாலும்.

முனிசாமியும் பிறகு சிட்னி போய்விட்டார். அங்கே புதிதாக ஆள் சேர்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அவரிடமிருந்து ஈமெயில் வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழாக:

"அக்கா, அந்தக் 'கரை' ஃபைல அனுப்பு. ஃபைல் மட்டும் போதும். பேச்சு வேணாம்."

எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினேன். அதையும் அழித்துவிட்டு ஃபைலை மட்டும் அனுப்பினேன்.