பின்சீட்டிலிருந்து வந்த விடைகள்

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் எங்களுக்குப் பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். கையில் விலங்கு, பக்கத்தில் போலீஸ்காரர். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர்களில் ஒருவராம்.

நானும் மனைவியும் மகளும் சினிமாப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பிக்கொண்டிருந்தோம். வாரத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து உட்காருவதே அதற்காகத்தான். மகள் குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் அவர் முன்னால் எக்கி விடையைச் சொல்லிவிடுவார். படம், பாட்டு, வில்லன் பெயர், எல்லாம் சரியாகவே இருந்தது. ஐந்தாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, எங்களைக் கொஞ்சம் யோசிக்க விடுங்களேன்!”

“மன்னிச்சுக்கங்க. மிராசுதார்கிட்டயும் இப்படித்தாங்க. கூலி கேக்கப் போன எல்லாரும் யோசிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் முந்திப் பேசிட்டேன்.”

போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை. மகள் இரண்டு இடத்தில் திணறி, அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ‘தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்க வாய் வரவில்லை.

திருவாரூர் கோர்ட் வாசலில் அவரை இறக்கிக் கூட்டிப்போனார்கள். அன்று எனக்கு யார்மேல் அவ்வளவு கோபம் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.