ஒரு வரி கூடுதல்

பேய் வர நடுராத்திரி வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்பப் போவதில்லை. எனக்கு நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். நான் இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே வராது. கதை கட்டவா வரும்?

ஒரு பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நோயாளிகளின் விவரங்கள் அத்தனையும் இருக்கும் பழைய சர்வர் சாகக் கிடந்தது. அதன் டிஸ்க்கிலிருந்து டிக்... டிக்... என்று சத்தம். அது நிற்பதற்குள் புதிய சர்வரில் ஒரு நகலை ஓடவிட வேண்டும். ஒருமுறை எடுத்து வைக்கும் நகல் இல்லை. அசலில் ஒரு வரி எழுதினால், சில நொடிகளில் நகலிலும் அந்த வரி தானாக விழ வேண்டும். நகல் எப்போதும் ஒரு அடியாவது பின்னால்தான் வரும். முந்தவே முடியாது.

எங்கள் மேனேஜருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். லீவைத் தவிர எல்லாமே அவருக்கு அவசரம்தான். கல்யாணத்துக்கு லீவு கேட்ட பையனிடம், "ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலமா வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டவர்.

"நாளைக்குக் காலையில நகல் ஓடணும். அவசரம்" என்றார்.

"அப்பாவை மேல அட்மிட் பண்ணியிருக்கோம் சார்..."

"அதான் மேலேயே இருக்காரே. நீ கீழ இரு. பஸ் செலவு மிச்சம்."

அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்திருந்தது. மூன்றாம் மாடி, ஒன்பதாம் படுக்கை. திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். துணைக்கு அம்மா இருந்தாள்.

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவரை எல்லோரும் 'அண்ணன்' என்பார்கள். எட்டு மாதம் முன்பு, நான் உட்காரும் இதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். "அந்த வாரம் அவங்க அம்மாதான் போயிடுவாங்கன்னு நெனச்சோம். அவங்க எழுந்து உக்காந்துட்டாங்க. இவரு போயிட்டாரு" என்று மூன்றாம் மாடி நர்ஸ் அக்கா ஒருமுறை சொல்லியிருந்தார்.

அண்ணன் விட்டுப்போனது சில ஸ்கிரிப்ட்கள். பத்துக் கட்டளைகள் அடிக்க வேண்டிய வேலையை ஒன்றில் முடித்துவிடும். முடித்ததும் திரையில் ஒரு வார்த்தை பேசும். 'கணக்கு திறந்தாச்சு, தங்கம்.' 'நகல் எடுத்தாச்சு, போய் ஒரு காபி குடி.' செத்தவர் தோளில் தட்டுவது போல இருக்கும். எனக்கு அதில் பயமில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் அது ஒரு துணை.

கடைசி ஸ்கிரிப்டின் வேலை, நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று சொல்வது. மதியம் மூன்றரைக்கு அதை ஓட்டினேன்.

நகல் 900 நொடி பின்னால்.

குறைந்துகொண்டே வந்தது. 400. 60. பிறகு பூஜ்யம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். மணி 3.45.

நகல் -4200 நொடி பின்னால். நிறுத்து.

மைனஸ். அதாவது நகல் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் முன்னால் இருக்கிறது.

இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போகாமல் இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தேன். நொடி பிசகவில்லை. இரண்டிலும் உள்ள வரிகளை எண்ணச் சொன்னேன். நகலில் ஒரு வரி கூடுதல். அசலில் இல்லாத வரி நகலுக்கு எங்கிருந்து வரும்? திறந்தேன். மூன்றாம் மாடி, இரண்டாம் படுக்கை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். மரணம், மாலை 4.55.

நர்ஸ் அக்காவுக்கு போன் செய்தேன்.

"ரெண்டாம் படுக்கை டீச்சரம்மா எப்படி இருக்காங்க அக்கா?"

"அவங்களுக்கென்ன? டிவி சத்தம் பத்தலன்னு இப்பத்தான் எங்கிட்ட மல்லுக்கு நின்னாங்க. ஏன்டி?"

"சும்மாதான்க்கா."

பிழையான வரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அழிக்கவில்லை. கை வரவில்லை.

ஐந்து மணிக்கு போன் அடித்தது. நர்ஸ் அக்கா.

"டீச்சரம்மா போயிட்டாங்க... நீ எதுக்குடி கேட்ட?"

திரையைப் பார்த்தேன். அசலில் அந்த வரி ஏறியிருந்தது. மரணம், மாலை 4.55. இப்போது இரண்டு எண்ணிக்கையும் சமம்.

எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

மணி 5.20. பழைய சர்வரின் விசிறி ஒரு நொடி நின்றது. டிக் சத்தமும் நின்றது. அந்த அறையில் அதுவரை நான் அமைதியைக் கேட்டதே இல்லை.

மறுபடி விசிறி சுற்றியது. ர்ர்ர்...

நகலில் ஒரு வரி கூடுதல்.

பார்க்காதே என்றது மனம். விரல் அடித்துவிட்டது.

மூன்றாம் மாடி. ஒன்பதாம் படுக்கை.

அப்பா பெயர்.

மாலை 6.50.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் ஓடினேன்.

அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா பயந்துபோய் என் வாயைப் பொத்தினாள். நல்லாத்தான் இருக்கார் என்றார் டாக்டர். நான் விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் அப்பாவின் மார்பில் ஒயர்களை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

6.46.

6.48.

அப்பா ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. திரையில் கோடு நேராகப் போனது.

டாக்டர் பாய்ந்து மார்பை அழுத்தினார். ஒன்று... இரண்டு... அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

6.50.

6.51.

கோடு துள்ளியது.

"நான் பக்கத்துல இல்லன்னா முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"



திங்கட்கிழமை காலை மேனேஜர் 'அவசரம்' கேட்டார். "நகல்ல ஏன் ஒரு வரி கூடுதலா இருக்கு?"

பார்க்கிறேன் என்றேன். அந்த வரியை நான் திறக்கவில்லை. அண்ணனின் கடைசி ஸ்கிரிப்டைத் திறந்தேன்.

நகல் முந்தவே முடியாது. அதனால் மைனஸ் வந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுத மாட்டார்கள். அண்ணன் எழுதியிருந்தார். 'நிறுத்து' என்று சொல்ல வைத்தது அவர்தான். அதன் கீழே, தனக்குத்தானே போல், ஒரு குறிப்பு.

'மைனஸ் வந்தா நிறுத்திடு. வரியைத் திறக்காதே. நான் திறந்தேன். அம்மா பேர். அம்மாவைக் காப்பாத்திட்டேன். வரி போகல. பேர்தான் மாறிச்சு.'

கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதி, அவர் இறந்த தேதி.

அப்பா தேறிவருகிறார். கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவிடம் சண்டை போடுகிறார்.

நகலில் இன்னும் ஒரு வரி கூடுதல். நான் பார்க்கவில்லை.

இன்று காலை அவசரம் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய திரையில் நகல் திறந்திருந்தது. நான் உள்ளே போனதும் திரையை அணைத்தார்.

"நீ ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோம்மா."

"வேண்டாம் சார். வேலை இருக்கு..."

"வியாழக்கிழமை மட்டுமாவது. அந்த நாற்காலியில உக்காராத."



இன்று புதன்.