தோப்புக்கு வரி கட்டிய தோல்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணன் குடும்பத்தின் சார்பில் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசவும் எனக்கு வராது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசியவர் அண்ணன்தான். "கூட இருந்தது நீதான். நீயே எழுது" என்று அண்ணி சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில், எங்கள் பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். அப்பாவுக்கு ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே அந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது. முதலில் உப்புக் கரித்தது. பிறகு வாயில் வைக்க முடியவில்லை. நெல் கருகியது, தென்னை குரும்பையை உதிர்த்தது. எந்தத் தொழிற்சாலைகளின் தண்ணீர் எங்கள் நிலத்தைக் கெடுத்ததோ, அந்தத் தொழிற்சாலைகளில்தான் பிறகு நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போனோம். வேறு வேலை கிடையாது.

மலையடிவாரத்தில் எங்கள் பங்குக்கு ஒரு கல்லுமேடு இருந்தது. எதுவும் விளையாது என்று பங்காளிகள் தொடாமல் விட்ட இடம். அப்பா அங்கே புளியும் வேம்பும் புங்கனும் நட்டார். சாலை ஓரமாக நாவல் கன்றுகளை வைத்தார். அவை ஆள் உயரம் வருவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அண்ணனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. தோல் தொழிற்சாலையில் பச்சைத் தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். லாரியில் வந்து இறங்கும் தோல்களைப் பிரித்து, உப்புத் தடவி, அடுக்கும் வேலை. பகலெல்லாம் அந்த வேலை, சாயங்காலம் குடத்தில் தண்ணீர் சுமந்து மரங்களுக்கு ஊற்றும் வேலை. அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார். என்னையும் அதே கிடங்கில் சேர்த்துவிட்டார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தனக்கு ஒரே மகள் என்றாலும் என் பிள்ளைகளையும் தன் பிள்ளைகள் என்றே எல்லோரிடமும் சொல்வார்.

மரங்கள் வளர்ந்து தோப்பானது. அங்கே தோண்டிய கிணற்றில் தண்ணீர் இனித்தது. நிழலும் நல்ல தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பது எங்கள் பக்கத்தில் அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். புளியமரத்தடி முனீஸ்வரனுக்குக் கெடா வெட்டுபவர்கள், குழந்தைக்குக் காது குத்துபவர்கள், ஞாயிற்றுக்கிழமை தேக்சா அண்டாவோடு வந்து பிரியாணி போட்டுச் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்கிப் போகிறவர்கள், காணும் பொங்கலன்று ஊரே. அண்ணன் யாரிடமும் காசு வாங்கியதில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தோப்பில் சாப்பிட்டிருப்பீர்கள்.

எங்கள் பகுதியைப் பேரூராட்சியோடு சேர்த்த பிறகு வரி ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நானும் அன்று இருந்தேன். அவர் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா பயிர் வெக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பயிர் இல்ல சார். மரந்தான்."

"அப்ப விவசாயம் இல்ல. ஜனங்க வந்து ஜாலியா இருந்துட்டுப் போறாங்க. ஆளுக்கு இவ்ளோன்னு வாங்கறீங்களா?"

"நிழலுக்கா? அது இன்னா நான் ஆட்டிக் குடுக்குற மாவா சார், காசு வாங்க?"

"வாங்கினா வியாபாரம்னு ஜாஸ்தி போடணும். வாங்கலன்னா காலிமனை வரி."

அண்ணன் சிரித்துவிட்டார். "இத்தன மரம் நிக்குது. உங்க கண்ணுக்குக் காலியாவா தெரியுது?"

"என் கண்ணுல இன்னா இருக்குது அண்ணே? ரூல்ல அப்படி இருக்குது."

அந்த அலுவலரைக் குறை சொல்ல முடியாது. போகும்போது வீட்டுக்கு இரண்டு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

முன்பு சில்லறையாகக் கட்டி வந்த நிலத் தீர்வை எங்கே, புதிதாக வந்த வரி எங்கே. மனை போடுகிறவர்கள் தேடி வந்தார்கள். விற்றுவிடலாம் என்று நானும் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். "ஆத்தங்கர நெலம் தண்ணியில போச்சு. இது வரியில போவக் கூடாதுடா" என்றார்.

அவர் கண்டுபிடித்த வழி அவர் தொழிலிலேயே இருந்தது. தோப்பில் வெட்டும் ஆடுகளின் தோலை அதுவரை அறுத்துக் கொடுக்கிற ஆள் எடுத்துப் போவார். அண்ணன் வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். "நிழலுக்குக் காசு வேணாம், தண்ணிக்குக் காசு வேணாம். தோலை மட்டும் வுட்டுட்டுப் போங்க. முனீஸ்வரனுக்கு வரி கட்டணும்." எல்லோரும் சிரித்துக்கொண்டே விட்டுப் போனார்கள். தோலில் கத்திக் கீறல் விழாமல் அண்ணனே உரிப்பார். கொட்டகையில் உப்புப் போட்டு அடுக்கி, சேர்ந்ததும் மொபெட்டில் கட்டி ஆம்பூர் தோல் மண்டிக்குக் கொண்டுபோவார். மண்டி பாய் தூரத்தில் பார்த்ததுமே, "வா தோஸ்த், உன் சாமி இந்த மாசம் எத்தினி ஆடு துன்னுச்சு?" என்பார். இப்படித்தான் பல வருடங்கள் அந்தத் தோப்புக்கு வரி கட்டினோம்.

பிறகு தோல் விலை விழுந்தது. "ஓசியில குடுத்தாலும் வாங்க ஆள் இல்ல தோஸ்த். ஷூ கம்பெனி எல்லாம் ரெக்சினுக்குப் போய்ட்டானுங்க" என்றார் பாய்.

"அப்ப முனீஸ்வரனுக்கும் ரெக்சின் ஆட்டையே வெட்டச் சொல்லிடறேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்தார். பழைய பழக்கத்துக்காக பாய் கம்மி விலைக்கு எடுத்துக்கொண்டார். வரி பாக்கி விழுந்தது. ஜப்தி செய்வோம் என்று நோட்டீஸ் வந்தது. அதன்பிறகு அண்ணன் எந்தத் தோலையும் விடவில்லை. கிழிந்தது, சொறி பிடித்தது, குட்டித் தோல் எல்லாவற்றையும் உப்பில் போட்டார்.

சென்ற ஆண்டு கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் குழந்தைக்குக் காது குத்த வந்தது. குட்டி யானை வண்டியிலிருந்து ஆட்டை இறக்கினார்கள். அது நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் சரிந்து விழுந்து, கால் உதறி, மாலை போடும் முன்பே செத்துவிட்டது. மூக்கில் ரத்தம் வந்திருந்தது.

"சூடு ஆறல. சட்டுனு அறுத்துடலாம். இவ்ளோ ஜனத்தைக் கூட்டிக்கினு வந்துட்டோம்" என்றார் அவர்களில் பெரியவர்.

"வேணாங்க. செத்ததைப் புள்ளைங்களுக்குப் போடாதீங்க" என்று அண்ணன் தடுத்தார்.

"நீ இன்னா மாட்டு டாக்டரா?" என்று ஒருவர் எகிறினார்.

"நான் தோலு டாக்டரு. இந்த ஆட்டைத் துன்னா நாளைக்கு நீ மனுஷ டாக்டரைப் பாக்கணும். பரவால்லியா?"

கூட்டத்தில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு சண்டை நின்றது. அண்ணி சோறு வடித்து சாம்பார் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் சகுனம் சரியில்லை என்று குழந்தைக்குக் காது குத்தாமலே திரும்பிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அண்ணன் ஓடைப்பக்கம் குழி வெட்டினார். ஆட்டை அப்படியே தள்ளி மூடியிருந்தால் இந்த மலர் இல்லை. அவர் கத்தியை எடுத்தார்.

"இன்னாத்துக்கு அதைப் போய் உரிக்கிறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"கறிதான் கெட்டது. தோல் இன்னா பண்ணுச்சு? உப்புப் பட்டா எல்லாம் செத்துடும்."

இது அண்ணன் மட்டும் செய்த தவறு இல்லை. கிடங்கில் வேலை செய்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். செத்த ஆட்டின் தோலும் மண்டிக்கு வரும். உப்பு எதையும் கொல்லும் என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கு வைத்தார்கள். எங்கள் கையில் எப்போதும் உப்புப் புண் இருக்கும். அன்றும் அண்ணன் விரலில் ஒரு வெட்டு இருந்தது.

சில நாட்களில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு கொப்புளம் வந்தது. உடைந்து, நடுவில் கருப்பாகப் பொருக்குக் கட்டியது. வழக்கம்போல மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். "உப்புப் புண்ணுன்னா எரியும். இது வலிக்கவே இல்லடா. ஆறுது" என்றார். வலிக்காத புண் ஆறுகிற புண் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு கை தோள்வரை வீங்கியது. காய்ச்சல் அனலாக வந்தது. வேலூருக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்ததும், "ஆடு, மாடு ஏதாவது தொட்டீங்களா?" என்று கேட்டார்.

"பொறந்ததிலேர்ந்து அதுதானம்மா தொடறேன்" என்றார் அண்ணன்.

அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ், ஆடு மாட்டிலிருந்து ஒட்டுவது என்று சொன்னார்கள். சீக்கிரம் வந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்றும் சொன்னார்கள். நோய் ரத்தத்தில் கலந்துவிட்டது. அண்ணனுக்கு அது புரிந்ததும் முதலில் கேட்டது, "அவங்க யாரும் அதைத் துன்னலியே?" என்பதுதான். அந்தக் குடும்பத்தைச் சுகாதாரத் துறையினர் தேடிப் பிடித்து, ஆட்டைத் தொட்ட எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டார்கள், யாருக்கும் எதுவும் இல்லை என்று சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்தப் புள்ளைக்குக் காது குத்திட்டாங்களா, கேட்டியாடா?" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் கேட்டுச் சொல்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

உடலைக் குளிப்பாட்டக் கூடாது என்றார்கள். முகத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் பார்த்தோம். நாங்கள் திரும்பி வந்தபோது கால்நடைத் துறையினர் தோப்பில் இருந்தார்கள். குழிமேல் சுண்ணாம்பு கொட்டி முள்வேலி போட்டார்கள். இனி எந்தக் காலத்திலும் அங்கே தோண்டக் கூடாது என்றார்கள். கொட்டகையில் அடுக்கியிருந்த தோல் முழுவதையும் வெளியே எடுத்து எரித்தார்கள். அந்த ஆண்டு வரிக்காக அண்ணன் சேர்த்து வைத்திருந்த தோல் அது. அவரை எரித்த அதே வாரத்தில் அதுவும் எரிந்தது. அந்த நாற்றம் துணியில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

வரி பாக்கி அப்படியே நின்றது. சாலையை ஒட்டிய பகுதியை விற்றுத்தான் கட்டினோம். அப்பா வைத்த நாவல் மரங்கள் அந்தப் பகுதியில் இருந்தன. வாங்கியவர் வெட்டிவிட்டார். அவர் இடம், அவர் வெட்டினார். மீதித் தோப்பும் கிணறும் எங்களிடம் இருக்கின்றன. புளியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வரியில் பாதிக்கு அது வரும். மீதியை நானும் அண்ணன் மகளும் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறோம். எத்தனை வருடம் முடியும் என்று எனக்குத் தெரியாது. முடியும் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கும் செவிலியர்களுக்கும், பயப்படாமல் எங்கள் வீட்டுக்கு வந்து போன அக்கம்பக்கத்தாருக்கும், காரியம் முடியும்வரை சாப்பாடு அனுப்பிய மண்டி பாய் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. கைப்புண்ணோடு தோல் தொடும் தம்பிகள் ஒருவரும் வலிக்கவில்லை என்று வீட்டில் இருக்காதீர்கள். அண்ணன் பெயரால் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, கணியம்பாடிப் பக்கத்துக் குடும்பத்துக்கு. காரியத்தன்று நீங்கள் வந்து, உள்ளே வராமல் வீட்டு வேலி ஓரமாகவே நின்றுவிட்டுப் போனதைப் பார்த்தேன். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் இருந்திருந்தால் கத்திக் கூப்பிட்டிருப்பார். உங்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆடு எங்கே நோய் வாங்கியது என்று உங்களுக்கும் தெரியாது. குழந்தைக்கு இன்னும் காது குத்தவில்லை என்று கேள்விப்பட்டோம். தோப்புக்கு வந்து குத்துங்கள். கிணற்றடியில் இடம் கூட்டி வைத்திருக்கிறோம். அண்ணி சமைப்பார். இனி அங்கே ஆடு வெட்டுவதில்லை. தோல் எதுவும் விட்டுப் போக வேண்டாம். குழந்தையைக் கொண்டு வாருங்கள்.