ஒரே பானைத் தூள்

ஒரே பானையில் சாப்பிட்டால் எல்லோருக்கும் ஒரே உடம்பு வந்துவிடுமா? ஓக் செ-ரியோனின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். கேட்ட இடம், கொரியாவின் தென்கடற்கரையில் ஒரு நகராட்சி நீச்சல் அணி. அங்கே அணி என்றால் ஒரு பானைச் சோறு தின்பவர்கள். தனிக் கிண்ணம் கேட்கிறவள் பாதி வெளியே போய்விட்டவள்.

பயிற்சியாளர் தாக், தசைக்கு வலுவூட்டும் கிரியேட்டின் தூள் டப்பாவை எல்லோருக்குமாகச் சாப்பாட்டு மேசையில் வைத்த குளிர்காலத்தில், ஐம்பது மீட்டர்க்காரி யே-ஜு மளமளவென்று வேகம் கூட்டினாள். மூச்சடக்கி ஒரே பாய்ச்சலில் போகிறவளுக்கு அந்தத் தூள் கைகொடுத்தது, அதில் பொய்யில்லை. செ-ரியோனின் தூரம் எண்ணூறு மீட்டர். அவளுக்குக் கிடைத்தது எடை மட்டும். தசைக்குள் தண்ணீர் ஏறி இரண்டு கிலோ கூடியது. நீந்தும்போது இடுப்பு தாழ்ந்தது.

"ஏறு, ஏறு. தராசு கடிக்காது" என்றார் தாக். முள்ளைப் பார்த்தார். "அடேங்கப்பா, முல்சல்!"

முல்சல் என்றால் நீரோட்டத்தின் வேகம். தளதளவென்று தொங்கும் சதைக்கும் அதே சொல்தான். எந்தப் பொருளுக்குச் சிரிக்க வேண்டுமென்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"சார், கொஞ்ச நாள் தூளை நிறுத்திப் பாக்கட்டுமா? எனக்கு ஒத்துக்கல."

"ஏன், மகாராணிக்குத் தனி அடுப்பு மூட்டணுமா?"

"அதுக்கில்ல சார், என் தூரம் வேற..."

"தூரம் வேற, சோறு ஒண்ணு. தூளைக் குடி. சோத்தைக் குறை."

குறைத்தாள். யே-ஜு அவள் தட்டுக்குக் கை நீட்டினாள். "முட்டைய நான் எடுத்துக்கறேன்க்கா. நீதான் தண்ணியக் குடிச்சே வளர்றியே!"

அந்த ஆண்டு தேசிய விளையாட்டு விழாவில் பதக்கம் இல்லையென்றால் செ-ரியோனுக்கு அணியில் இடமில்லை. பாதித் தூரம்வரை மூன்றாவதாக வந்தாள். பிறகு பசி ஒரு பக்கம் இழுத்தது, உடம்பு ஒரு பக்கம் இழுத்தது. எல்லோருக்கும் கடைசியாகச் சுவரைத் தொட்டாள். யே-ஜுவுக்குத் தங்கம்.

"தூள் ஒண்ணுதானே? ஆளுதான் சொத்தை" என்றார் தாக்.

ஒருத்தி வென்றது அவருக்குச் சான்று. இன்னொருத்தி தோற்றதும் சான்று. இப்படிப்பட்ட நம்பிக்கையைத் தோற்கடிக்க வழியே கிடையாது.

இடம் போனது. துண்டு மடிக்கவும் தூள் கலக்கவும் ஆள் வேண்டுமென்று தாக் சொன்னபோது, செ-ரியோன் சரியென்றாள். அடுத்த வசந்தத்தில் ஹ்யோ-ரின் என்ற புதுப் பெண் வந்து சேர்ந்தாள். அன்று தாக் வெளியூரில் இருந்தார். சாப்பாட்டு அறையில் அவர்கள் இருவர் மட்டுமே.

"அக்கா, நானும் எண்ணூறுதான். இது எனக்கு வேணுமா? நீங்க சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

செ-ரியோன் கரண்டியை டப்பாவுக்குள் விட்டாள். குவிந்திருந்ததைத் தட்டிச் சமன் செய்தாள். அந்தப் பெண்ணின் கோப்பையில் கொட்டினாள்.

"அடியில தங்கிடும். நல்லாக் கலக்கிக் குடி."