நான்காவது கேள்விக்கு ஒடில் எழுதிய பதில்

போர் முடிந்த மறுவருஷம், 1946 மார்ச்சில், லக்சம்பர்க்கின் வடக்கு மேட்டு ஊர்களில் பாதி வீடுகளுக்குக் கூரை கிடையாது, தார்ப்பாய்தான். உருளைக்கிழங்கு வயல்களில் கண்ணிவெடிகளை எடுத்து முடித்தபாடில்லை. ஆனால் யார் நல்லவர், யார் துரோகி என்று பிரிக்கும் வேலை மட்டும் மும்முரமாக நடந்தது.

ஒடில் வாம்பாக் பதினாறு வருஷம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள் போனதும் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணைக் குழுவின் படிவம் சரியாக அமைந்தால் வகுப்பறை திரும்பக் கிடைக்கும்.

நான்காவது கேள்வி: 'ஜெர்மன் இயக்கத்தில் சேர்ந்தீர்களா? எவ்வாறு?'

ஜெர்மன்காரர்கள் ஆள்சேர்க்க நடத்திய அந்த இயக்கத்தில் சேராவிட்டால் வேலை போகும், குடும்பத்தோடு ரயிலேற்றி நாடுகடத்திவிடுவார்கள் என்ற பயத்தில் முக்கால்வாசி ஆசிரியர்கள் அன்று சேர்ந்திருந்தார்கள். இப்போது தபால்காரர் முதல் ரயில் நிலைய அதிகாரி வரை எல்லாருடைய படிவத்திலும் ஒரே பதில்: 'கட்டாயப்படுத்தப்பட்டேன்.'

உடன் வேலை பார்த்த எமில் கால்மெஸ் காப்பி குடிக்க வந்திருந்தார். காப்பி என்று பேர், வறுத்த பார்லிதான்.

"ஒரே ஒரு வார்த்தை டீச்சர். எழுதிட்டுப் போங்களேன்."

"யாரும் என் கையைப் பிடிச்சு எழுத வைக்கலையே. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு இருந்துச்சு. நான் செவ்வாய்க்கிழமையே போய்க் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு பீன்ஸ் சூப்பு குடிச்சேன்."

"சூப்பைப் பத்தி அவங்க கேக்கலையே."

"நான் கேக்கறேனே."

"பாவமன்னிப்புன்னா பாதிரியார்கிட்ட போங்க. இது கமிட்டி."

"நீங்க என்னிக்குப் போட்டீங்க?"

கால்மெஸ் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "திங்கட்கிழமை," என்றார். "அன்னிக்குக் கூட்டம் இருக்காதுன்னு."

அவர் போனபின் அவள் எழுதினாள்: 'பயந்தேன். சேர்ந்தேன். யாரும் இழுத்துப் போகவில்லை.' படித்துப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. இது நேர்மையா, கர்வமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவளுடைய தம்பி ஷாங்கை ஜெர்மன் சேனைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரஷ்யர்களின் போர்க்கைதி முகாமிலிருந்து திரும்பியவர்களில் அவன் இல்லை. கட்டாயம் என்ற சொல்லை அவனுக்கென்று விட்டுவைக்க நினைத்தாளோ என்னவோ.

ஊர் மன்றத்தில் விசாரணைக் குழுவின் மூன்று பேர் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் படிவத்தைப் புரட்டினார்.

"கட்டாயம்னு எங்கேயும் காணோமே."

"இல்லைங்க."

"அப்ப விரும்பிச் சேர்ந்தீங்க."

"அதுவும் இல்லைங்க."

"எங்ககிட்ட ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு."

மே மாதம் கடிதம் வந்தது. இனி அவள் எந்தப் பள்ளியிலும் கற்பிக்கக் கூடாது.

அவளிடமே இருந்த வகுப்பறைச் சாவியை வாங்கிப் போக கால்மெஸ்தான் வந்தார். இரண்டு வகுப்பும் இப்போது அவருக்கு.

"நானும் உங்கள மாதிரி எழுதியிருந்தா பிள்ளைங்களுக்கு யாரு டீச்சர் பாடம் எடுக்கறது?"

அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் நல்ல ஆசிரியர். அதுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.