ஏழுக்கு அடங்காத கண்ணிகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும் பின்னலக்கா முதலில் செய்வது இதைத்தான். புதிதாகப் போட்டு வைத்த நூல் சங்கிலியை எடுத்து, அதன் நுனியில் இரண்டு மூன்று கண்ணிகளைக் கூட்டிப் பின்னுவாள். சில வாரம் அவிழ்ப்பாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மகள் சிறு பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இப்படித்தான்.

கொக்கி ஊசியால் மேசை விரிப்பு பின்னிக் கடைக்குக் கொடுப்பது அவள் தொழில். அதனால் தெருவுக்கே பின்னலக்கா. முதலில் விரிப்பின் அகலத்துக்குச் சங்கிலி போட வேண்டும். அதன் மேல்தான் பூக்கள் வரிசையாக ஏறும். ஒரு பூவுக்கு ஏழு கண்ணி. சங்கிலியில் உள்ள கண்ணிகள் ஏழால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பூ பாதியில் நின்றுவிடும். கடைக்கார அம்மா அதைப் பார்த்தால், "ஏம்மா, இந்த ஓரத்தை ஆடு மேய்ஞ்சிடுச்சா?" என்பாள்.

மற்ற எண்கள் சாது. மூன்றும் ஒன்பதும் இலக்கங்களைக் கூட்டினாலே தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஐந்துக்கும் கடைசி இலக்கம் போதும். ஏழு மட்டும் பிடி கொடுக்காது. பாதியில் பள்ளியை விட்டவளுக்கு அதற்கும் ஒரு வழி உண்டு என்பது கல்யாணமான புதிதில்தான் தெரிந்தது. சொன்னவர் புருஷன்.

அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். அறையை அளந்ததும் வெட்டுத் துண்டு விழாமல் முழுக்கல்லாக முடியுமா என்றுதான் பார்ப்பார். "கடைசி எண்ணைத் தனியா எடு. அதை ரெட்டிப்பாக்கி மிச்சத்துல கழி. வர்றது ஏழுல போனா முழுசும் போகும்" என்றார். அந்த ஒரு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். அவளுடைய அண்ணன் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன்.

மகள் நடக்கத் தொடங்கிய வருஷம் அவர் தூரதேசத்துக்கு வேலைக்குப் போனார். வாரம் ஒரு போன். "சாப்டியா? பாப்பா எப்படி இருக்கா? சரி, வைக்கட்டுமா?" அவ்வளவுதான். வைத்த பிறகு பின்னலக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வாரம், பேச வேறொன்றும் கிடைக்காமல், "முந்நூத்தி தொண்ணூத்தி ஒண்ணு ஏழுல போகுமாங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஆளுக்கு உயிர் வந்துவிட்டது. "முப்பத்தொம்பதுல ரெண்டு போனா முப்பத்தேழு. போகாதே. ஒண்ணு கூட்டு. முப்பத்தொம்பதுல நாலு போனா முப்பத்தஞ்சு. ஆங், போகும். நூல் மெல்லிசா, தடிசா? மெல்லிசுன்னா கூட்டினதே தெரியாது." அங்கிருந்து பேச்சு அவர் ஒட்டுகிற கல்லுக்குப் போனது. கூட வேலை செய்கிறவனின் குறட்டையையும் தொட்டுவிட்டு வந்தது.

அடுத்த வாரம் மீதியில்லாத எண்ணைச் சொன்னாள். "போகும்" என்றார். வைத்துவிட்டார். அன்றைக்குப் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சங்கிலி ஏழுக்கு அடங்கியதே இல்லை.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "அம்மா, போன்லயே கால்குலேட்டர் இருக்கு. அப்பாவை எதுக்குப் படுத்தறே?" என்பாள்.

"அவருக்குத்தான் சரியா வரும். நீ போய்த் துணியை எடு."

போன மாதம் ஒரு நாள் கடைக்கார அம்மா அவசரமாக ஒரு விரிப்பு கேட்டிருந்தாள். சங்கிலியைச் சரியான கணக்கில் போட்டு, பூவும் ஒரு வரிசை ஏறிவிட்டது. கலைத்து வைக்க நேரமில்லை. போன் வந்தது. வேறு எண்ணும் வாயில் வரவில்லை. "முந்நூத்தி எழுபத்தெட்டு" என்றாள். இன்றைக்கு இவ்வளவுதான் என்று மனசு சோர்ந்துபோனது.

"முப்பத்தேழுல பதினாறு போனா இருபது. இருபது போகாதே" என்றார் அவர்.

இருபத்தொன்று. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். கூட்டலாமா, கழிக்கலாமா என்றார். அங்கே வெயில், தண்ணீர் லாரி வரவில்லை, முழங்கால் வலி பரவாயில்லை. கடைசியில், "எதையும் அவுத்துடாதே. அடுத்த வாரம் பேசிட்டுப் பாத்துக்கலாம்" என்று வைத்தார்.

மகள் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். "அம்பத்து நாலு, மீதி இல்ல. அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா."

பின்னலக்கா ஊசியைக் கீழே வைத்தாள். ஒரு கல்கூட வீணாக்காத மனுஷன் கழித்தலில் தவறுவாரா? தலையில் அடிகிடி பட்டிருக்குமோ? காய்ச்சலை மறைக்கிறாரோ? வாரம் முழுவதும் ஊசி கையில் ஓடவே இல்லை.

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும், "உடம்பு நல்லா இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

"ஏன், என்ன?"

"முந்நூத்தி எழுபத்தெட்டு போகும்ங்க."

அவர் தொண்டையைக் கனைத்தார். "தெரியும்."

"தெரிஞ்சா அப்படிச் சொன்னீங்க?"

"இத்தனை வருஷமா போகாத எண்ணாப் பாத்துக் கொண்டு வர்றவ, திடீர்னு போற எண்ணைக் கொண்டு வந்தா நான் என்னத்தைப் பேசறது?"

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மகள் எழுந்து, காயாத துணியை எடுக்க மாடிக்குப் போனாள். போன் நெடுநேரம் சும்மா இரைந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு பேருமே வைக்கவில்லை.

இத்தனை காலமாக ஒருமுறைகூடக் கேட்காததை அப்போது கேட்டாள். "எப்பங்க ஒரேயடியா வருவீங்க?"

"இந்தக் கட்டடம் பதினாலு மாடி. முடிச்சுட்டுத்தான் கணக்குத் தீர்ப்பாங்க. அதுக்கப்புறம் வேற வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இப்ப எத்தனையாவதுல இருக்கீங்க?"

"ஏழு."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. அவர் முதலில் மாடியைச் சொல்கிறார். அவள் பிறகு கண்ணியைச் சொல்கிறாள். எட்டாவது மாடியில் தாழ்வாரம் ஒட்டி முடிந்திருக்கிறது. அறைகளுக்கு இன்னும் கல் வந்து இறங்கவில்லை.