காப்புக் கட்டியவளுக்கு வந்த பரீட்சை

அம்மாளை நம்பியிருக்கும் என் சகோதரிகளுக்கு, ஈப்போவில் நர்ஸ் வேலை பார்க்கும் பார்வதி சொல்லிக்கொள்வது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஈப்போவிலிருந்து மாமா ரயிலேறி வந்தார். வந்தவர் காப்பித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“சூசாதான்லா, பார்வதி, பெரிய கஷ்டம். ஆஸ்பத்திரி மேட்ரன் துரைசாணி கப்பல் ஏறிச் சீமைக்குப் போறாங்களாம். நர்ஸ் பரீட்சைய முன்னுக்குத் தள்ளிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை காலையிலே இருக்கு” என்றார்.

என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. திருவிழா முடிவதோ ஞாயிற்றுக்கிழமை. நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காப்புக் கட்டியவர்கள் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்து எல்லை ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் ஓடும் ஆற்றுப் பாலம். முந்தின வருஷம் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில் அம்மை போட்டுக் குழந்தைகள் செத்துப்போயிருந்தன. நான் பாலத்தைத் தாண்டி, மறுபடியும் அம்மை வந்தால் ஜனங்கள் என்னைச் சும்மா விடுவார்களா? அவர்கள் விட்டாலும் என் மனசு விடுமா?

அந்தக் காப்பை நானே ஆசையாகக் கட்டிக்கொண்டேன் என்பதுதான் வேடிக்கை. பரீட்சையில் தேறினால் போதும் தாயே, உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். பரீட்சை ஆவணியில்தானே, அதற்குள் விழா முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நம்முடைய கணக்கு நம்மோடு!

எங்கள் தோட்டம் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பக்கம். அப்பா அங்கே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக் கோட்டும் கறுப்புச் சப்பாத்தும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என்னை ஈப்போவில் மாமா வீட்டில் விட்டு இங்கிலீஷ் படிக்க வைத்தவரும் அவர்தான். ஆனால் நர்ஸ் வேலை என்றதும் முகம் கடுத்துவிட்டது.

“கண்டவன் புண்ணக் கழுவுறதுக்கா ஒன்ன இங்கிலீசு படிக்க வச்சேன்?” என்றார்.

லயத்துப் பெண்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஆண்பிள்ளை டிரெசரிடம் வயிற்று நோவைச் சொல்ல வெட்கப்பட்டே நோயை முற்றவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் மாமா மன்றாடியதால், “ஒரே ஒரு தடவ எழுதட்டும். தவறிட்டா தை மாசம் பாரிட் புந்தார் மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும்” என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான் விழுந்து விழுந்து படித்தேன். மருந்து அளக்கும் அவுன்ஸ் கணக்கையும் டிராம் கணக்கையும் மாவாட்டிக்கொண்டே உரக்கச் சொல்வேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்து, “கிராணியார் மவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடியம்மா! நல்ல வேள, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு” என்று சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பெல்லாம் மாமா வந்த அன்றோடு போயிற்று.

மாமா மெதுவாக, “கயித்த அவுத்துட்டு வந்துரு. யாரு பாக்கப் போறா?” என்றார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. “கட்டவச்ச ஆத்தா பாப்பாளே, மாமா” என்றேன். அப்பா நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயந்திரம் அம்மாவும் நானும் கோயிலுக்குப் போனோம். பூசாரி எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல ஆயி. அவகிட்டயே பூ கேப்போம். வலப்பக்கம் விழுந்தா வழி விடுறான்னு அர்த்தம்” என்றார். அம்மாளின் இரண்டு தோளிலும் பூ வைத்தார். கற்பூரம் காட்டினார். நாங்கள் கைகூப்பி நின்றோம்.

பூ விழவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. மறுபடி ஏற்றினார். அதுவும் அணைந்தது. வேலை முடித்து வந்த ஜனங்கள் கூடிவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. தாயே, எனக்குப் பரீட்சை வேண்டாம், பாரிட் புந்தாருக்கே போகிறேன், உன் கோபம் மட்டும் இந்த ஜனங்கள் மேல் விழ வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அப்பா! எங்களைக் கூட்டிப்போக வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். நேரே பூசாரியிடம் வந்து கையை நீட்டினார்.

“ஒரே ரத்தந்தானே? அவ கயித்த எங்கையில மாத்திக் கட்டுங்க. சட்டிய நான் எடுக்குறேன்.”

பூசாரி திகைத்துப்போனார். “கிராணியாரே, நீங்களா? மஞ்சத் துணி கட்டி, வெறுங்காலோட, லயத்துச் சனத்தோட நடக்கணுமே?”

“எனக்கும் காலு இருக்குல்ல?” என்றார் அப்பா.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அம்மாளின் வலத்தோளிலிருந்து பூ விழுந்தது. ஜனங்கள் ‘தாயே’ என்று கூவினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். காற்றில் விழுந்திருக்கும், ஆடியில் காற்றடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கட்டும். என் அப்பாவின் மனசை அசைத்த காற்று எங்கேயிருந்து வந்தது?

வெள்ளிக்கிழமை பாலத்தைத் தாண்டி ஈப்போவுக்குப் போனேன். டிக்டேஷன் எழுதினேன். கணக்கில் அவுன்ஸும் டிராமும் வந்தன, மாவாட்டுகிற கை தானாகவே எழுதிற்று. மேட்ரன் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன். பயம் என்பதே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் திரும்பினேன். அப்பா மஞ்சள் துணி கட்டி, கனல் எரியும் சட்டியை ஏந்தி, கங்காணிக்கும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்களுக்கும் நடுவே வந்துகொண்டிருந்தார். வழியெல்லாம் அவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அஞ்சலை அக்கா விழுந்து கும்பிட்டாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

அம்மாள் சுடவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சட்டிக்கு அடியில் வேப்பிலையை எவ்வளவு கனமாக வைக்க வேண்டும் என்று கிராணியாருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன், இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். சுண்ணாம்புத் தெளிநீரையும் தேங்காயெண்ணெயையும் கலந்து தடவினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமன் பேச்சக் கேட்டு, நீ கயித்த அவுத்துப் போட்டுட்டு ஓடிருவேன்னு நெனச்சேன்” என்றார். நான் துணியைச் சுற்றினேன். அடுத்த கையை நீட்டி, “கண்டவன் புண்ணு இல்ல புள்ள, அப்பன் புண்ணு. பாத்துக் கட்டு” என்றார்.

பரீட்சையில் தேறினேன். பயிற்சி முடித்து இன்று வார்டில் நிற்கிறேன். கூச்சப்பட்டுச் சுருண்டு கிடக்கும் பெண்ணின் பக்கத்தில் போய், “என்ட்ட சொல்லுங்கக்கா” என்கிறபோதெல்லாம் அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆடிக்கும் லீவு போட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். அப்பா இப்போது யாரும் சொல்லாமலே காப்புக் கட்டிக்கொள்கிறார். வேப்பிலை வைத்துக் கொடுப்பது நான்.

சகோதரிகளே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் அவள் முன்னால் வையுங்கள். பூ விழவில்லையே என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். நான் அவளிடம் பரீட்சையைத்தான் கேட்டேன். அப்பாவின் மனசையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.